பதினேழாவது தொகுதி

"முதல் தொகுதியில மேலருந்து கீழ வர வர, வினைபுரியற வேகம் என்னாகும்?" என்று நோட்டைப் பார்த்துக் கேட்டான் அமான்.

"ஜாஸ்தியாகும். லித்தியத்தைவிட சோடியம், அதைவிட பொட்டாசியம். அணு பெருசாகப் பெருசாக, வெளியில இருக்கற எலக்ட்ரான் ஈசியா கழண்டுடும்" என்றாள் அவன் மனைவி பிர்தௌஸ்.

நோட்டிலும் அதேதான் இருந்தது. திருவண்ணாமலையில் துணிக்கடை வைத்திருக்கும் அமானுக்கு வேதியியல் தெரியாது. விடையை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் தெரியும்.

"சரி, பதினேழாவது தொகுதி. ஃபுளோரின், குளோரின், புரோமின். அதுல?"

"கீழ வர வர கம்மியாகும்."

அமான் விரல் வைத்து மறுபடி படித்தான். நோட்டில் 'அதிகரிக்கும்' என்றிருந்தது.

"நல்லா யோசிச்சு சொல்லு."

"கம்மிதாங்க ஆகும். அதுங்க எலக்ட்ரானை வெளியிலருந்து இழுத்துக்கறதுங்க. அணு பெருசானா இழுக்கற பலம் குறைஞ்சிடும்."

"நோட்டுல ஜாஸ்தின்னு இருக்குது பிர்தௌஸ்."

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். "இது முதல் தொகுதிக்கு எழுதினது. நீங்க பக்கத்தைத் திருப்பவே இல்லையே."

அவசரமாகத் திருப்பினான். அடுத்த பக்கத்தில், அவள் கையெழுத்திலேயே, 'குறையும்' என்றிருந்தது. அமான் அப்படியே முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

அந்த நேரம் டாக்டர் உள்ளே வந்தார்.

"நான் சொன்ன மாதிரி, டீச்சருக்குத் தெரிஞ்ச பாடத்தைக் கேட்டுப் பாத்தீங்களா? ஞாபகமெல்லாம் எப்படி இருக்கு?"

மூளையிலிருந்த கட்டியை எடுத்து அன்றோடு நான்கு நாள். நினைவு தப்பினாலும் தப்பலாம் என்று சொல்லித்தான் அமானிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

அமான் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். கட்டுப் போட்ட தலையை மெல்லத் திருப்பி, பிர்தௌஸ்தான் பதில் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். இவரைக் கொஞ்சம் பாருங்க."