வீடு பார்க்க வந்தவர்கள்

இதை எங்கிருந்து ஆரம்பித்தாலும் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஃபிரிட்ஜிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டுத் தையற்காரம்மா வாசலில் நின்றோம்.

“என்னடி, வீட்டையே காலி பண்றியா?”

“சாயங்காலம் வரைக்கும்தான் அக்கா. ஸ்காலர்ஷிப்காரங்க வீடு பார்க்க வர்றாங்க.”

என் மகள் கோல்ஃப் மைதானத்தில் வேலை செய்கிறாள். ஆடுகிறவர்களின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடக்க வேண்டும். அதற்குக் கேடி என்று பெயர். “அம்மா, நான் கேடி ஆயிட்டேன்” என்று முதல் நாள் அவள் வந்து நின்றபோது துடைப்பத்தைத் தூக்கிவிட்டேன்.

அந்த கிளப்பில் கேடிப் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேரை வருஷா வருஷம் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். முழுச் செலவும் அவர்களுடையது. மார்க் நன்றாக இருக்க வேண்டும், வீட்டில் வசதி எதுவும் இருக்கக் கூடாது. போன வருஷம் ஒருத்தி வீட்டில் ஃபிரிட்ஜைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கவில்லை என்று பேச்சு.

எங்கள் ஃபிரிட்ஜ் நாத்தனார் புதிது வாங்கியபோது எங்கள் தலையில் கட்டியது. பாதி நாள் ஓடாது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது ஃபிரிட்ஜ்தானே?

“இருக்கறதை இருக்குன்னே சொல்லிடலாம்மா” என்றாள் மகள்.

“நீ பையைத் தூக்கற வேலையைப் பாரு. சொல்றதை நான் பார்த்துக்கறேன்” என்று மைதானத்துக்கு அனுப்பிவிட்டேன்.

தையற்காரம்மாவுக்கு இருப்பது ஒரே அறை. மிஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தன் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே எங்களுடையதற்கும் இடம் பண்ணினாள்.

“டிவியையும் கொண்டா. அரைகுறையா ஒளிச்சா மாட்டிப்பே.”

கொண்டுபோய் வைத்தேன்.

“நாளைக்கு நானும் ஒண்ணு கேப்பேன். மாட்டேன்னு சொல்லக் கூடாது” என்றாள்.

எனக்குத் திக்கென்றது. என்ன கேட்பாள்? மிச்சத் துணியைக்கூடத் திருப்பித் தராதவள் என்று பேர் வாங்கியவள். அவள் மகனும் அதே மைதானத்தில் பை தூக்குகிறவன்தான். “அவனுக்கும் படிப்புக்கும் ஆகாது, நான் மனுவே போடலை” என்று தெருவெல்லாம் சொல்லியிருந்தாள். என் பெண்ணுக்குக் கிடைத்துவிடப் போகிறதே என்ற வயிற்றெரிச்சலில் போட்டுக் கொடுத்துவிட்டால்?

பத்து மணிக்கு வந்தார்கள். உயரமாக ஒருத்தர், ஃபைலோடு ஒரு அம்மா.

அந்த அம்மா சமையற்கட்டு மூலையையே பார்த்தார். தரையில் அந்த இடம் மட்டும் சதுரமாகப் பளிச்சென்று இருந்தது.

“இங்க ஏதோ இருந்த மாதிரி இருக்கே?”

“பீரோங்க. கரையான் அரிச்சிடுச்சு. தூக்கிப் போட்டுட்டோம்.”

“மரப் பீரோவா?”

“ஆமாங்க. மரம். முழுக்க மரம்.”

பின்னால் நின்ற என் வீட்டுக்காரர் இருமத் தொடங்கினார்.

ஃபைலில் ஏதோ எழுதிக்கொண்டார்கள். “உங்க பொண்ணு நல்லா வருவாம்மா” என்றார் உயரமானவர். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வாசல்வரை போய் வழியனுப்பினேன். அவர்கள் இடப்பக்கமும் திரும்பவில்லை, வலப்பக்கமும் திரும்பவில்லை. நேரே தெருவைத் தாண்டித் தையற்காரம்மா வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

கழுத்தில் டேப்போடு அவள் வெளியே வந்தாள்.

“உங்களுக்கு நாளைக்குன்னு சொல்லியிருந்தோம். எதிரெதிர் வீடுதானே, இன்னிக்கே முடிச்சிடலாம்னு பார்த்தோம்” என்றார் ஃபைல் அம்மா.

நாளைக்கு என்னிடம் அவள் கேட்க இருந்தது என்னவென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“உள்ளே துணியெல்லாம் இறைஞ்சு கிடக்குங்க. நாளைக்கே வாங்களேன்.”

“ரெண்டே நிமிஷம்மா.”

உள்ளே போனார்கள். கதவு திறந்தே இருந்தது. எனக்கு எல்லாம் கேட்டது.

“ஒரே ரூம்ல ரெண்டு ஃபிரிட்ஜா? டிவியும் ரெண்டா?”

அவள் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துச் சுருட்டினாள்.

“யாரோடதும்மா இதெல்லாம்?”

தையற்காரம்மா தலையைத் திருப்பி, திறந்த கதவு வழியாக என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

“எங்களோடதுதாங்க.”

“எல்லாமா?”

“எல்லாம்தான்.”

“உங்க பையன் மார்க் ரொம்ப நல்லா இருந்துச்சு. அவன் எழுதியிருந்ததைப் படிச்சிட்டுத்தான் நாங்களே ஆசையா வந்தோம். ஆனா இதைப் பார்த்தப்புறம் எப்படிம்மா…”

ஃபைல் அம்மா பேனாவை எடுத்து ஒரு கோடு இழுத்தார்.

“அது என்னுதுங்க” என்று நான் போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. தெருவைத் தாண்ட நாலு எட்டு.

நான் கதவை மெல்லச் சாத்தி, சத்தம் வராமல் தாழ்ப்பாள் போட்டேன்.