ஒத்துப்போகும் குணம்

“ஒரு கையெழுத்து. அவ்வளவுதானேம்மா?” என்றார் மேலாளர்.

மேசையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, நாங்கள் எழுதிய மென்பொருளை நாளை காலை மருத்துவமனைகளுக்கு அனுப்பலாம் என்ற ஒப்புதல். மற்றொன்று, என் பதவி உயர்வுக்கான மதிப்பெண் தாள்.

குழுத் தலைவர் ஆவதற்கு ஏழு குணங்கள் வேண்டுமாம். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இத்தனை கேட்க மாட்டார்கள். ஆர்வம், பொறுமை, விடாமுயற்சி, நுணுக்கம் என்று ஆறு குணங்களில் எனக்குப் பத்துக்குப் பத்து. ஏழாவது கட்டத்தை மட்டும் மேலாளர் காலியாக விட்டிருந்தார்.

ஒத்துப்போகும் குணம்.

பேனாவை அவர் பக்கமே தள்ளினேன்.

நோயாளியின் எடையைப் பார்த்து மருந்தின் அளவைச் சொல்வதுதான் எங்கள் மென்பொருளின் வேலை. அவசரத்தில் யாராவது எடையைக் குறிக்காமல் விட்டால், அது நின்று கேட்க வேண்டும். கேட்பதில்லை. தானாகவே ஒரு வளர்ந்த ஆளின் எடையைப் போட்டுக்கொண்டு கணக்கை முடித்துவிடுகிறது.

படுத்திருப்பது கைக்குழந்தையாக இருந்தாலும் அப்படித்தான்.

சோதித்துப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் எடையைத் தட்டச் சோம்பல். அதனால் ஓர் எண்ணை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்து, பிறகு எடுக்க மறந்துபோன வேலை இது. அந்த வரியை எழுதிய கைக்குச் சூடு வைக்கலாம். முந்தாநாள்தான் அது என் கண்ணில் பட்டது. அதிலிருந்து சோறு இறங்கவில்லை.

மேலாளர் கெட்டவர் அல்ல. அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது, கேள்வி கேட்காமல் என்னை இரண்டு மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்க விட்டவர். அவரிடம் முறைத்துக்கொள்ள எனக்கும் ஆசையில்லை. பன்னிரண்டு வருடம் காத்திருந்த பதவி வேறு.

“அடுத்த மாசம் சத்தமில்லாம சரி பண்ணிடலாம். எந்த நர்ஸ்மா எடை போட மறப்பாங்க?”

“பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டே வேலை பார்க்கிற நர்ஸ் மறப்பாங்க சார்.”

ஒப்புதல் தாளை இழுத்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ‘அனுப்பக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.  தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டார். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறேனாம். கொஞ்ச நேரம் திட்டினார். பிறகு, இனி என்னை அசைக்க முடியாது என்று தெரிந்ததும், எனக்காகவே ஒரு வழி கண்டுபிடித்தார்.

“சரி, நிறுத்துவோம். யார் தப்புன்னு மேலிடத்துல கேப்பாங்க. வேலைய விட்டுட்டுப் போனானே, அவன் பேர எழுதுங்க. வரியில அவன் பேருதானே இருக்கு?”

இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் எழுதியவர் பெயரைக் கணினி குறித்து வைக்கும். இந்த மென்பொருளுக்கு அடிப்படையான பழைய நிரல்களை எல்லாம் புதுக் கணினிக்கு மாற்றியவன் அவன். அப்போது எழுதியவர்களின் பெயர்கள் அழிந்து, எல்லா வரியிலும் அவன் பெயரே ஒட்டிக்கொண்டது. போன வருடம் வேலையை விட்டுப் போனான். அன்றிலிருந்து எந்தத் தப்பு நடந்தாலும் அவன் தலையில்தான். காபி இயந்திரம் பழுதானபோதுகூட அவன் பெயரைச் சொல்லிச் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

“அவன் எழுதலை சார்.”

“அது எப்படித் தெரியும் உங்களுக்கு? உலகத்துல எவனாலயும் இப்ப கண்டுபிடிக்க முடியாது.”

உண்மைதான். யாராலும் முடியாது. நிரலில் இருந்த எண் ஐம்பத்தொன்று. சும்மா போடுகிறவர்கள் ஐம்பது என்று போடுவார்கள், அறுபது என்று போடுவார்கள்.

“அது என் எடை சார்,” என்றேன். “நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம்.”