சொடுக்கு

கூடப்பிறந்த அண்ணனை, அச்சகத்து ஆட்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் பளாரென்று அறைந்துவிட்டு, சின்னவர் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

எதிர் நாற்காலியில் அண்ணன் பெரியவர். அச்சகத்துக்கு முதலாளி. இடது காதை இன்னும் பொத்திக்கொண்டிருந்தார்.

"காது ஙொய்ங்னு கேக்குது சார். அப்பா போனப்புறம் இவனை வளர்த்து, வேலை கொடுத்து, கல்யாணமும் பண்ணி வச்சவன் நான். எனக்கு இது தேவையா?"

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். காலையிலிருந்து குடும்பச் சண்டையாகவே வந்துகொண்டிருந்தது அவருக்கு.

"ஏன்யா, சொந்த அண்ணனை எதுக்குய்யா அடிச்சே?"

சின்னவர் எழுந்து வந்தார். மேஜை மேல் இருந்த இன்ஸ்பெக்டரின் டீயை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு, டம்ளரோடு போய் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"ஐயோ சார், மன்னிச்சுக்குங்க!" சின்னவர் மனைவி பதறிப்போய் முன்னால் வந்தாள். "தலையில அடிபட்டவரு. போன வருஷம் அச்சகத்துல காகிதக் கட்டு சரிஞ்சு தலைமேல விழுந்துடுச்சு. அதுலேருந்து இப்படித்தான்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"வண்டி நல்லா ஓடும், பிரேக்தான் பிடிக்காதுன்னாரு சார். மனசுல என்ன தோணுதோ கை அதைச் செஞ்சிடும்."

சொல்லும்போதே அவளுக்கு அலுப்பாக இருந்தது. கடையில் அவர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துத் தின்றபோது கடைக்காரரிடம் இதையே சொன்னாள். சாவு வீட்டில் கெக்கேபிக்கே என்று சிரித்தபோதும், வாடகை வாங்க வந்த வீட்டுச் சொந்தக்காரரின் வழுக்கையை ஆசையாகத் தடவிப் பார்த்தபோதும் இதையேதான் சொன்னாள். சொல்லிச் சொல்லி அவள் நாக்கு தேய்ந்ததுதான் மிச்சம்.

"சரி, அடிக்கறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமே நடக்கல சார்," என்றார் பெரியவர். "வீட்டுல சும்மா கிடக்கானேன்னு பாவப்பட்டு இன்னிக்குத்தான் மறுபடி வேலைக்கு வரச் சொன்னேன். நான் பாட்டுக்கு இவளைக் கூப்பிட்டேன். ஓடி வந்து அறைஞ்சிட்டான்."

"எப்படிக் கூப்பிட்டீங்க?"

"எப்பவும் போலத்தான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளும் அந்த அச்சகத்தில்தான் புத்தகங்களுக்குப் பசை தடவி அட்டை ஒட்டுகிறாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெரியவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மா, தங்கச்சி என்று ஒரு பேச்சும் கிடையாது. விரலை உயர்த்தி ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். அவர் வீட்டு நாய்க்குக்கூடப் பெயர் உண்டு.

சொடுக்குச் சத்தம் கேட்டதும் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அடிபடுவதற்கு முன்பெல்லாம், மெஷினில் நிற்கும் அவள் புருஷன் மட்டும் சட்டென்று குனிந்து, மை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். மைக்கு என்ன கேடு, அது எப்போதும் சரியாகத்தான் இருக்கும். ஆரம்பத்தில் அவள் அழுதிருக்கிறாள். அப்புறம் அழுவதும் அலுத்துவிட்டது.

இன்றைக்குச் சொடுக்கு விழுந்தது. கூடவே அறையும் விழுந்தது. பொய் சொல்வானேன், அந்த நொடி அவளுக்கு ஜில்லென்று இருந்தது. பயமெல்லாம் அப்புறம்தான் வந்தது.

பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

"தெரிஞ்சு அடிச்சிருந்தான்னா உள்ள தூக்கிப் போடுங்க சார். மூளைக் கோளாறுல அடிச்சிட்டான்னா, என்ன இருந்தாலும் தம்பியாச்சே, புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா அதை இவ வாயால சொல்லட்டும். நாளைக்கு என் ஆளுங்க முன்னாடியும் சொல்லணும். எனக்கும் மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். "சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போம்மா. இந்த மனுஷன் உள்ள ஒரு நாள் தாங்க மாட்டாரு. எவனோட டீயையாவது எடுத்துக் குடிச்சா போதும், அடிச்சே கொன்னுடுவானுங்க."

அவள் புருஷனைப் பார்த்தாள். காலி டம்ளரின் அடியில் தங்கியிருந்த சர்க்கரையை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தார்.

இத்தனை வருஷத்தில் அவளுக்காக விழுந்தது இந்த ஒரே ஒரு அறைதான். அதையும் வியாதி என்று அவள் வாயாலேயே சொல்ல வேண்டும்.

"தெரியாமத்தான் அடிச்சிட்டாரு மாமா. அவருக்கு மூளை சரியில்ல. மனசுல வச்சுக்காதீங்க."

பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. காதைப் பொத்தியிருந்த கையும் இறங்கிவிட்டது.

"அதானே பார்த்தேன்! புத்தி சரியா இருக்கறவன் என்மேல கை வைப்பானா? சரி சரி, கூட்டிட்டுப் போ..."

பழக்கதோஷத்தில் விரலை உயர்த்தினார். பெஞ்சில் தம்பி நிமிர்வதைப் பார்த்ததும், அந்தக் கையை மெல்லச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

அவளும் சின்னவரும் தெருவுக்கு வந்தார்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கொஞ்ச தூரம் நடந்தாள். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். மனசு கேட்கவில்லை.

"ஏங்க, உங்க அண்ணன் இன்னிக்கு நேத்தா சொடுக்குப் போடறாரு? முன்னாடியெல்லாம் உங்களுக்குக் கோபமே வராதா?"

"வருமே. தினமும் வரும்."

"அப்புறம் ஏங்க ஒரு நாள்கூட அவரை ஒண்ணும் கேக்கல?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் அவளைப் பார்த்தார் சின்னவர்.

"அப்பதான் எனக்கு மூளை நல்லா இருந்துச்சே!"