சிவசாமிக்கு வந்த நோய்

இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கம் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தன் வீட்டுச் சாவைக் கொரோனா என்று தானே சொன்னவள் அழகம்மா ஒருத்திதான்.

பக்கத்து வீட்டு ராசம்மாவுக்கு அது பொறுக்கவே இல்லை.

ஒட்டுச் சுவர் வரிசை வீடுகளான அந்த லயத்தில் அதற்கு முன்னால் ரெண்டு பேர் இருமி இருமியே செத்திருந்தார்கள். ஒருவருக்கு இழுப்பு என்றார்கள், மற்றவருக்கு நெஞ்சடைப்பு என்றார்கள். சத்தமில்லாமல் அடக்கம் முடிந்தது. கொரோனா என்றால் லயத்தை மூடிவிடுவார்கள், வேலைக்குப் போக முடியாது. கொழுந்து பறிப்பது நின்றுபோகும் என்பதால் தோட்டத்தை நடத்துகிற தொரையும் எதையும் கேட்கவில்லை.

அழகம்மாவின் புருஷன் சிவசாமி உடம்புக்கு முடியவில்லை என்று படுத்தவர், விடிந்து எழும்பவில்லை. அவளோ சுகாதாரப் பரிசோதகருக்கு போன் போட்டு, காய்ச்சல் இருந்தது, இருமல் இருந்தது, வாசம்கூடத் தெரியவில்லை என்றெல்லாம் சொல்லிவிட்டாள்.

ஆம்புலன்ஸ் வந்து உடம்பை எடுத்துக்கொண்டு போனது. குளிப்பாட்டக்கூட விடவில்லை. லயத்தை மூடி, வீடு வீடாக மூக்கில் குச்சி விட்டார்கள்.

ராசம்மா ஓடிப்போய் உள்ளறைத் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். மருமகள் தனுஷிகா கந்தப்பளையில் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் அந்த நிறைமாதக்காரி உள்ளறையில் காய்ச்சலும் இருமலுமாக மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள். மல்லித்தண்ணிதான் மருந்து.

பரிசோதகர் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். அவள் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற கிளிப்பை மாட்டினார். அடுத்த நிமிஷம் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

அன்றைக்கு ராசம்மா வாசலில் நின்று அழகம்மாவை வையாத வசவில்லை. புருஷனைக் காட்டிக் கொடுத்ததுமில்லாமல் லயத்தையே காட்டிக் கொடுத்தவள் என்றாள். அழகம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரெண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. தனுஷிகாவுக்குக் கொரோனாதான். ஆனால் மூச்சு சீராகிவிட்டது, வயிற்றுப் பிள்ளைக்கும் பழுதில்லை. இன்னும் ஒரு ராத்திரி வீட்டில் வைத்திருந்தால் ரெண்டு உயிரும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

அன்றே சிவசாமியின் உடம்பும் வந்தது. அவருக்குக் கொரோனா இல்லை, மாரடைப்பு என்றார்கள்.

தோட்டத்தில் கொரோனா என்று பேர் வாங்கிய ஒரே சாவு, கொரோனாவே இல்லை.

அடக்கம் முடிந்த பிறகு ராசம்மா அழகம்மாவின் வாசலுக்குப் போனாள். உள்ளே போகத் தைரியம் வரவில்லை.

"அவருக்கு இருமலே இல்லையே. இல்லாத நோவ ஏன் சொன்ன?"

"இருமல் சத்தம் சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சுக்கா. புள்ளத்தாச்சி இருமல்."

ராசம்மாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அப்ப எங்க வீட்டச் சொல்லியிருக்கலாமே?"

அழகம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒங்க வீட்டச் சொன்னா ஆயுசுக்கும் எங்கிட்டப் பேசியிருக்க மாட்டீங்க. எங்க வீட்டுக்காரரு கோவிச்சுக்கவா போறாரு?"