ஊமைப் பாட்டுப் பெட்டி

"காது செவிடு பாய். நீங்க பாட்டுக்குப் பேசுங்க, அவருக்கு ஒண்ணும் விளங்காது" என்றாள் ரேணுகாம்பாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனாரைக் கண்ணால் காட்டி.

ரேடியோ ரிப்பேர்க் கடை மஸ்தான் பாய் மரியாதைக்குப் பெரியவரைப் பார்த்துத் தலையசைத்தார். மாமனார் காசியும் பதிலுக்குத் தலையசைத்துவிட்டு, திருவூடல் தெருவில் போகிற வண்டிகளை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

மேஜைமேல், பெரிய குழாய் வைத்த காசியின் பழைய கிராமபோன். கைப்பிடியைச் சுற்றிவிட்டால் தட்டு நன்றாகத்தான் சுழல்கிறது. பாட்டுதான் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வருகிறது.

"எப்பலேர்ந்தும்மா இப்படி?"

"பிரசவம் முடிஞ்சு எங்கம்மா வீட்லேர்ந்து திரும்பி வந்தேன் பாருங்க, அப்பலேர்ந்து. இவரும் அந்தக் குழாய்க்குள்ள தலைய விட்டுக்கினு உட்கார்ந்துடுவாரு. சோறு துன்ன வாங்கன்னு மூணு தடவ கத்தணும். என் தொண்டையே போச்சு. வீட்ல ஒரு கைக்குழந்தை போதாதா பாய்?"

இடுப்பிலிருந்த குழந்தை அவள் தாலிச் சரட்டைப் பிடித்து இழுத்தது. அதற்கும் ஒரு அதட்டு விழுந்தது.

"அப்போ அவருக்குக் கேக்குற மாதிரி சத்தம் வரணும்."

"அவருக்குக் கேக்குதோ இல்லியோ, எங்க ஓரகத்திக்குக் கேக்கணும். வெள்ளிக்கிழமை இவரை அடி அண்ணாமலைக்கு, பெரிய புள்ள வீட்டுக்கு அனுப்பப் போறோம். பெட்டி நல்லா பாடினா அனுப்பு, ஊமைப் பெட்டியக் கட்டி அனுப்பாதேன்னு பாஞ்சாலை அக்கா கண்டிசனா சொல்லிட்டாங்க. பாடாத பெட்டிய வெக்க அவங்க வீட்ல இடம் இல்லியாம்."

"பெரியவர் இன்னா சொல்றாரு?"

"அவர்கிட்ட இன்னும் சொல்லல. யாரு கத்திக் கத்திச் சொல்றது? பஸ் ஏத்திவிட்டா தானா தெரிஞ்சுட்டுப் போவுது."

மஸ்தான் பாய் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். உருண்டையாகச் சுருட்டிய நீலத் துணி ஒன்று வெளியே வந்தது.

"ஐயே, என் பழைய புடவைத் துணி. எலி இழுத்துக்கினு போயிருக்கும் பாய்."

"எலிக்கு ஓரம் மடிச்சுத் தைக்கத் தெரியுமா?"

ரேணுகாம்பாள் துணியைத் திருப்பிப் பார்த்தாள். தையல் நெருக்கமாக, ஒழுங்காக இருந்தது.

அடுத்து ஊசி. பாய் அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினார். "இரும்பு ஊசி இருக்க வேண்டிய இடத்துல கருவேல முள்ளு. முள்ளுல பாடினா சத்தம் கம்மியாத்தான் வரும்."

"நான் அப்பவே நினைச்சேன். பெட்டிக்கு எண்ணெய் போடறேன்னு ஒரு ஆளு வீட்டுக்கு வந்தான். நல்ல ஊசிய லவட்டிக்கினு முள்ள சொருகிட்டுப் போயிருக்கான். இவரு பக்கத்துல குந்திக்கினு பாத்துக்கினே இருந்திருப்பாரு. இவரை வெச்சுக்கினு இன்னா பண்றது, சொல்லுங்க. யாராவது கதவைத் தட்டினாக்கூடத் தெரியாது."

மஸ்தான் பாய் ஊசிக்கு மேலே இருந்த சின்ன வட்டப் பெட்டியின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே பார்த்ததும் அவருக்கும் எரிச்சல் வந்துவிட்டது.

"இங்கதாம்மா சத்தமே பிறக்குது. மெல்லிசா மைக்கான்னு சொல்ற அபிரகத் தகடு இருக்கணும். அதை எடுத்துட்டுச் செருப்புத் தோலை வட்டமா வெட்டி வெச்சிருக்கான். நல்ல மிஷின்ல கைவெக்கறதே இவனுங்களுக்குப் பொழப்பாப் போச்சு."

"அதான் சொன்னேனே, எண்ணெய்க்காரன்."

"இல்லம்மா. திருடறவன் இவ்ளோ மெனக்கெட மாட்டான். மூணு வேலையும் சத்தத்தைக் குறைக்கத்தான் பண்ணியிருக்கு. யாரோ வேணும்னே, பதவிசா பண்ணியிருக்காங்க."

"நீங்க வேற பாய். அதை ஏன் குறைக்கணும்? எதையாவது பண்ணி பாட வெச்சுக் குடுங்க, எனக்கு வீட்ல உலை வெக்கணும்."

பாய் வட்டப் பெட்டிக்குள் குனிந்தபடியே தனக்குத்தானே பேசுவதுபோல் முணுமுணுத்தார். "ஊசி நம்ம கிட்டயே இருக்கு. தகடுதான் இல்ல. இந்த அளவுல மெட்ராஸ்ல தேடினாலும் கிடைக்காது. பழைய தகடு கிடைச்சாத்தான் உண்டு."

தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த காசி திரும்பினார். மடியை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் பிரித்து வைத்தார். கண்ணாடி மாதிரி பளபளக்கும் வட்டத் தகடு. கூடவே இரும்பு ஊசி டப்பி.

"இதைப் போட்டுடுங்க பாய். ராத்திரி பகல்னு கொழந்தை தூங்காம அழுதுக்கினு இருந்துச்சு, அதைப் பெத்தவளும் கூடவே முழிச்சுக்கினு கெடந்தா. அதான் சத்தத்தைக் குறைச்சேன். அடி அண்ணாமலை வீட்ல கைக்குழந்தை இல்ல. இனிமே சத்தமா பாடினா யாருக்கும் தொந்தரவு இல்ல."

மஸ்தான் பாய் திருப்புளியை மேஜைமேல் வைத்தார்.

ரேணுகாம்பாளுக்கு இன்றைக்கு இந்தக் கடையில் பேசியது, நேற்று அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசியது, அதற்கு முன்னே பேசியது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்து நின்றன.

"மாமா, உங்களுக்குக் காது கேக்குமா?" இத்தனை நாளில் முதல்முறையாக அவரிடம் கத்தாமல் கேட்டாள்.

"நல்லாவே கேக்கும்மா. சத்தத்தைக் குறைச்சுட்டுக் குழாய்ல காதை வெச்சேன். அதைப் பாத்து நீயே செவிடுன்னு நினைச்சுக்கின."

"அப்பவே கேக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா."

காசி குழந்தையின் விரலைப் பிடித்துச் சரட்டிலிருந்து மெல்ல விடுவித்தார்.

"சொல்லத்தாம்மா வாயெடுத்தேன். அதுக்குள்ள நீ என்னைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசிட்ட. அப்புறமா கேக்குதுன்னு சொன்னா, உனக்குல்ல சங்கடமாப் போயிடும்?"