கல்லீரல் எங்கள் பிரிவல்ல

எட்வினுக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்ததும், துடிப்பைச் சீராக்கும் மருந்தை உடம்புக்குள் விடும் ஒரு பட்டையைக் கையில் ஒட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அதை அந்த ஆஸ்பத்திரிதான் கழற்ற வேண்டும். அங்கே டாக்டர்கள் எல்லாம் கணினி பேசும் வெறும் குரல்கள். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு குரல்.

சில வாரங்களில் சோற்றைக் கண்டாலே அவருக்குக் குமட்டியது. கண் மஞ்சளானது. மனைவி ரோஸ்லின் இதயக் குரலை அழைத்தாள்.

"வாழ்த்துகள் அம்மா. துடிப்பு அருமையாக இருக்கிறது."

"கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கே, டாக்டர்."

"அது கல்லீரல். எங்கள் பிரிவல்ல."

கல்லீரல் குரலுக்கு விஷயம் உடனே புரிந்தது. "அந்த மருந்துதான் ஈரலைக் கெடுக்கிறது. ஆனால் அது இதயப் பிரிவின் மருந்து. நிறுத்த எங்களுக்கு அதிகாரமில்லை."

இரண்டு மேதைகளும் அவளை நாள்கணக்கில் பந்தாடினார்கள். மரியாதைக்கு மட்டும் குறைவில்லை. கடைசியில் அவளே கத்தரிக்கோலால் பட்டையை வெட்டி எறிந்துவிட்டு, அவரை அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கிருந்த டாக்டரம்மா அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"கொஞ்சம் முன்னாடியே கழட்டியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்மா" என்றார்.

அடக்கம் முடிந்த மறுநாள், இதயப் பிரிவிலிருந்து டை கட்டிய நிஜ மனிதர் ஒருவர் வந்தார். எட்வினின் இதயம் கடைசிவரை பிசகாமல் துடித்ததாம். அதனால் அந்த அறுவை வெற்றியாம். எட்வினின் படத்தை விளம்பரத்தில் போட அனுமதி வேண்டுமாம்.

ரோஸ்லின் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துட்டாரு. அந்தத் துடிப்பை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.