இசைக்குயிலுக்கு ஒரு பொன்னாடை

பிரபாவதி டீச்சர் மேடை ஏற மாட்டேன் என்று சுவரோரமாகவே நின்றார். தலைமையாசிரியர் குணசேகரன், கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“எனக்கு எதுக்குங்க சார் மாலையும் மரியாதையும்? நான் அப்படி என்னங்க செஞ்சுட்டேன்?”

“அட, என்னங்க டீச்சர்! நீங்க என்ன செஞ்சீங்கன்னு இந்தப் பள்ளிக்கூடத்துல என்னையவிட யாருக்குங்க தெரியும்? ரிட்டையர் ஆகறன்னைக்கு அழுவாச்சி மொகம் எதுக்கு? வாங்க, அதிகாரி பாக்கறாரு.”

மாவட்டத்திலிருந்து வந்திருந்த அதிகாரி பூபாலன், டீச்சரைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொல்லிமலையின் எழுபது வளைவுகளையும் மேகம் மூடுவதற்குள் கீழே இறங்கிவிட வேண்டும் என்பது அவர் கவலை.

டீச்சர் மேடையேறினார். பின்னால் கட்டியிருந்த பேனரில் அவர் படத்தைச் சுற்றி ஒரு வீணை, இரண்டு மயில்கள், மூன்று தாமரைகள். கீழே, ‘எங்கள் இசைக்குயிலே, வாழ்க!’

குணசேகரன் மைக்கைப் பிடித்தார்.

“பதிமூணு வருஷம்! சேந்தமங்கலத்துல இருந்து பஸ் ஏறி வந்து, ஒருநாள்கூட லேட்டா கையெழுத்துப் போட்டதில்லீங்க. நம்ம இசை டீச்சர் வந்த வருஷத்துல இருந்து, பத்தாம் வகுப்புக் கணக்குல ஒரு பிள்ளைகூட ஃபெயில் ஆனதில்லை. இசை மூளையை வளர்க்கும்னு விஞ்ஞானிகள் சொல்றாங்க. அதுக்கு நாமதான் சாட்சி!”

விளையாட்டு ஆசிரியர் அர்த்தநாரி கையை உயர்த்தினார். அதற்காகவே காத்திருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் கையை இறக்கியதும் நிறுத்தினார்கள். பேச்சை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்து அதிகாரி, “சங்கீதம் ஒரு கடல்” என்று ஆரம்பித்தார். பத்து நிமிடம் நீந்தியும் கரை தென்படவில்லை. தன் மகள் கீபோர்டு கற்பதையும், சின்ன வயதில் தனக்கும் நல்ல குரல் இருந்ததையும் சொன்னார்.

“மலைமேல பாட்டு டீச்சரை வெச்சு இப்படிப் போற்றுற பள்ளிக்கூடம் எத்தனை இருக்கு? இதை மாவட்டத்துக்கே முன்மாதிரியா அறிவிக்கணும்னு எழுதப் போறேன்.”

அர்த்தநாரியின் கை உயர்ந்தது. குணசேகரன் அடக்கமாகத் தலை குனிந்தார், போட்டோவில் முகம் தெரிகிற அளவுக்கு.

பொன்னாடை போர்த்தினார்கள். டீச்சரின் கண் நிறைந்துவிட்டது. “ஆனந்தக் கண்ணீர்!” என்று மைக்கிலேயே அறிவித்துவிட்டு, குணசேகரன் அவர் காதருகே குனிந்தார்.

“ரெண்டே வார்த்தை நன்றி சொல்லிட்டு உக்காந்துருங்க டீச்சர். வேற எதுவும் பேச வேண்டாங்க. அதிகாரி கீழ எறங்கோணும்.”

டீச்சர் மைக் முன் நின்றார். ‘நன்றி’ என்ற சொல்லை இரண்டு முறை வாய்க்குள் வைத்துப் பார்த்தார். அது வெளியே வரவில்லை. பொன்னாடையை எடுத்து நாற்காலியில் போட்டார். கண்களை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினார்.

முதல் வரியில் குரல் கரகரத்தது. இரண்டாவது வரியில் தெளிந்தது. மூன்றாவது வரியில், சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனது. மோகன ராகம் மேலே ஏறி ஓரிடத்தில் அசையாமல் நின்றபோது, அதிகாரிக்கு மேகம் மறந்துவிட்டது.

பாட்டு முடிந்தது. அர்த்தநாரி கையை உயர்த்த மறந்து நின்றார். அவர் கைக்காக யாரும் காத்திருக்கவில்லை. தகரக் கூரை அதிரும்படி பிள்ளைகள் தட்டித் தீர்த்தார்கள்.

“பாத்தீங்களா குணசேகரன், இந்தக் குரலைத் தினமும் கேக்கற பிள்ளைங்க கொடுத்து வெச்சவங்க!” என்றார் அதிகாரி.

குணசேகரன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கைதட்டல் ஓய்ந்த அந்த நொடியில், முன்வரிசையில் இருந்த பத்தாம் வகுப்பு சுஜிதா, பக்கத்தில் இருந்த கோகிலாவிடம் ரகசியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு உரக்கவே கேட்டாள்:

“ஏன்டி, நம்ம கணக்கு டீச்சருக்குப் பாடக்கூடத் தெரியுமா?”